அறுபது ஆம்பியர் காபி

அந்தக் காபி மேக்கர் எங்கள் வீட்டில் ஓடாது. அமெரிக்காவில் வாங்கியது, நூற்றிருபது வோல்ட்டுக்குச் செய்தது. திருப்பதியில் சுவரில் வருவது இருநூற்று முப்பது. அம்மா முதல் தடவை அண்ணாவிடம் போய்த் திரும்பியபோது அதைப் புடவைகளுக்கு நடுவே சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். பில்டரில் டிகாக்ஷன் இறக்கக்கூட எனக்குப் பொழுதில்லை என்று அவளுக்குக் கவலை. அண்ணாவும் எஞ்சினியர்தான். வோல்டேஜை மறந்துவிட்டான்.

நான் போனில் சொன்னதும் வெட்கப்பட்டு, ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம் இன்னொரு பெட்டியைக் கொடுத்தனுப்பினான். அது இன்வெர்ட்டர். அங்கே காரில் வெளியூர் போய்க் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் வைத்திருப்பது. கார் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை நூற்றிருபதாக மாற்றும். எங்களிடம் கார் கிடையாது. இப்படியாக, கார் பேட்டரி இருக்கும் இடத்தில் மட்டும் ஓடக்கூடிய ஒரு காபி மேக்கர் எனக்குச் சொந்தமானது.

ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி வீட்டிலேயே ஓட்டியிருக்கலாம். வாங்கவில்லை. அப்பா திருமலையில் கைங்கரியத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அண்ணாவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இருவரும் ஆறு மாதத்துக்கென்று கிளம்பினார்கள். ஆறு மாதம் பத்து மாதமாகியிருந்தது. வீட்டில் காபி போட்டால் ஒருத்திக்குப் போட வேண்டும். டம்ளர் ஒன்று, டபரா ஒன்று என்று கழுவிக் கவிழ்ப்பதைவிட, குடிக்காமலே கிளம்பிவிடுவது எளிதாக இருந்தது.

செல்போன் கம்பெனிகள் கிராமங்கள் பக்கம் வரத் தொடங்கிய வருஷங்கள் அவை. அவர்களுக்கு டவர் இடம் பார்த்துக் கொடுக்கும் திருப்பதி ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் நான் சைட் எஞ்சினியர். சித்தூருக்குத் தெற்கே, பாலசமுத்திரத்தை ஒட்டிய எல்லைப் பக்கம் எனக்கு ஒதுக்கியது. ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு மைக்ரோவேவ் போக வேண்டும். நடுவே மலையோ மரமோ மறைத்தால் போகாது. மறைக்கிறதா என்று பார்க்க அப்போது நாங்கள் வைத்திருந்த கருவி, முகம் பார்க்கும் கண்ணாடி. இந்த மலையில் நான், இருபது கிலோமீட்டருக்கு அப்பால் சித்தூர்ப் பக்கம் இன்னொருவர். சொன்ன நேரத்தில் அவர் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி மூன்று முறை அடிப்பார். அது எனக்குத் தெரிந்தால் நானும் மூன்று முறை அடிப்பேன். இருவரும் தாளில் ‘தடையில்லை’ என்று குறித்துக்கொண்டு இறங்குவோம். தெரியாவிட்டால் அடிக்கக் கூடாது. இருட்டாகவே இருந்துவிட வேண்டும். ‘இல்லை’ என்பதற்குத் தனிச் சைகை எங்களிடம் இல்லை.

அந்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை. எங்கள் நேர அட்டவணை ஆபீசிலிருந்து வாரா வாரம் வரும். நாங்கள் வேலை செய்த இடங்களில் சிக்னல் இருக்காது. இல்லாததால்தான் நாங்கள் அங்கே போனோம். ஆனால் அவர் மூன்று முறை அடித்து, என் மூன்றையும் பார்த்தபிறகு, இன்னொன்று அடிப்பார். விதியில் இல்லாத நான்காவது. இரண்டாவது வாரத்திலிருந்து நானும் நான்காவது அடிக்க ஆரம்பித்தேன். சில நாட்களில் நான் ஒரு மனிதரோடு நடத்திய முழு உரையாடலும் அவ்வளவுதான்.

நான் போய்வந்த ஜீப் வாடகை ஜீப். டிரைவர்தான் அதன் சொந்தக்காரர். பாலசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர், முப்பது வயதிருக்கும். அவரை அண்ணா என்பேன். அவர் என்னை மேடம் என்பார். கோபம் வந்தால் ‘இன்னாம்மா’. இரண்டு பேருமே தமிழ்தான், ஆனால் ஒரே தமிழ் இல்லை. முதல் நாள் வெயிலில் இறங்கிவந்து, வீட்டுப் பழக்கத்தில், “அண்ணா, கொஞ்சம் தீர்த்தம் இருக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா மேடம், பட்டப்பகல்லயே? பாலாஜி ஊர்லேர்ந்து வந்துக்கினு இப்பிடி கேக்கறீங்க?”

“குடிக்கற ஜலம்.”

“தண்ணின்னு சொல்றது! நான் வேற பட்டையா பிராந்தியான்னு ரோசனை பண்ணிக்கினு கீறேன்.” அன்று சித்தூர் வரும்வரை நினைத்து நினைத்துச் சிரித்தார்.

காபி மேக்கரைப் பார்த்தபோதும் சிரித்தார். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அறுநூறு வாட் இயந்திரம். பன்னிரண்டு வோல்ட்டில் ஐம்பது ஆம்பியர், இன்வெர்ட்டர் விழுங்குவதையும் சேர்த்தால் அறுபது. சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் பியூஸ் போய்விடும். பானெட்டைத் திறந்து பேட்டரி முனைகளிலேயே கிளிப் மாட்ட வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எட்டு நிமிஷம்.

“ஒரு லோட்டா காபிக்கு ஜீப்பையே ஓட்டணுமா? எங்கூர்ல மூணு கல்லு, ரெண்டு சுள்ளி. முடிஞ்சிது.”

“உங்களுக்கு வேண்டாமா?”

“வேணாம்னு எவன் சொன்னான்? சக்கரை தூக்கலா போடுங்க.”

பிளாஸ்கில் பால் கொண்டுபோவேன். அந்த இயந்திரத்தால் நான்கு கோப்பைக்குக் குறைத்துப் போட முடியாது. எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று; மீதி இரண்டு கல்லில் கொட்டப்படும். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா, “மெஷின் ஓடறதோ?” என்று கேட்பாள். “நன்னா ஓடறது” என்பேன். எங்கே என்று அவள் கேட்டதில்லை.

எனக்குப் பட்டியல் போடும் வழக்கம் உண்டு. முதல் மாதத்தில் ஒருநாள் கண்ணாடியை ஆபீசிலேயே மறந்துவிட்டு மலையேறியபிறகு அது வியாதியாகவே ஆனது. அந்த ஒருநாள் வீணானதற்கு மேனேஜர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “பீல்டுக்கு லேடீஸ் வேணாம்னு நான் முன்னாடியே சொன்னேன், மேலே கேக்கலை. இன்னொரு நாள் இப்படிப் போனா ஆபீஸ்ல பிளானிங் டெஸ்க்கு வந்துடும்மா. ஏசி, ஃபேன், எல்லாம் இருக்கு” என்று அன்பாகவே சொன்னார். பிளானிங் டெஸ்க் என்றால் ஐந்தரைக்கு வேலை முடியும். ஆறு மணிக்கு வீட்டில் இருப்பேன். ஆறிலிருந்து தூங்கும்வரை அந்த வீட்டில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பீல்டில் இருந்தால் களைத்துப்போய் வருவேன், சாப்பிட்டு விழுவேன், விடிந்துவிடும். அந்த வேலையில் எனக்கு வேண்டியிருந்தது அதுதான். சம்பளம் இரண்டிலும் ஒன்றே.

அதனால் ஜீப்பின் டாஷ்போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தேன். கண்ணாடி, திசைகாட்டி, ஜிபிஎஸ், கேமரா, தாள், பேனா இரண்டு, தொப்பி. அதற்குக் கீழே காபிக்கென்று ஒரே வரி: எஞ்சின் ஓடும்போது மட்டும்.

அன்று இரண்டு மலைகள். பதினொரு மணிக்கு முதல் மலை, மூன்று மணிக்கு இரண்டாவது. இடையில் எதிர்முனைக்காரரும் இடம் மாறி, வேறொரு குன்றுக்குப் போவார். மலைகளுக்கு நடுவே நேராகப் பார்த்தால் மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் ஏரியும் முள்காடும் குறுக்கே கிடந்தன; சாலையில் சுற்றிக்கொண்டு போனால் பதினான்கு. நேரம் இறுக்கமாக இருந்ததால் ஒரு குறுக்கு வழி யோசித்தேன். வழக்கமாக இறங்கி வந்தபிறகுதான் காபி போடுவேன். அன்று ஏறும்போதே போட்டுவிட்டால், இறங்கியதும் குடித்துவிட்டுக் கிளம்பலாம். அடித்தட்டு காபியைச் சூடாகவே வைத்திருக்கும்.

ஓடை மணலில், புங்கமர நிழலில், டிரைவர் ஜீப்பை நிறுத்தினார். பானெட்டைத் தூக்கிக் கிளிப்புகளை மாட்டினேன். பொடி, தண்ணீர், ஸ்விட்ச். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பையை மாட்டிக்கொண்டு பாதி தூரம் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, இன்வெர்ட்டரின் ஒயர்கள் பானெட்டிலிருந்து தொங்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ரேடியேட்டர் விசிறியில் சிக்கினால் தீர்ந்தது. கையைக் காட்டிக் கத்தினேன்.

“அண்ணா! கட்டிடுங்கோ!”

“சரேலே மேடம்!” என்று அவரும் கத்தினார். தெலுங்கு வாடையில் அவர் ‘சரி’ சொல்வது அப்படித்தான்.

நான் பாறைக்கு அந்தப் பக்கம் திரும்பினேன். கொஞ்ச தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. மேலே வந்துவிட்டதால் என்று நினைத்தேன்.

பதினொன்றுக்கு அவருடைய மூன்று, என் மூன்று, அவருடைய நான்காவது, என் நான்காவது. பிறகு டவருக்கான இடத்தை அளந்து, படம் எடுத்து, திசைகளைக் குறித்துக்கொண்டு இறங்கும்போது மணி ஒன்று. டிரைவர் வேறு பக்கத்திலிருந்து அப்போதுதான் வந்துகொண்டிருந்தார். ஊரில் போய்ச் சாப்பிட்டிருந்தார். ஜீப் அமைதியாக நின்றது. காபி மேக்கரின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. இன்வெர்ட்டர், பேட்டரி குறைந்தால் கொஞ்ச நேரம் பீப் பீப்பென்று கத்திவிட்டுத் தானாக நின்றுவிடும். கத்தியிருக்கிறது. கேட்க யாரும் இல்லை.

“எஞ்சினை ஏன் நிறுத்தினீங்க?”

“நீங்கதான மேடம் கட்டச் சொன்னீங்க?”

“ஒயரைக் கட்டச் சொன்னேன்!”

“ஒயருன்னு எங்க சொன்னீங்க? கட்டுன்னீங்க. மோட்டாரு கட்டு, ஃபேனு கட்டு, கொழா கட்டு. கட்டுன்னா நிறுத்துறதுதான? கட்டிட்டு, துன்னுட்டு வரலாம்னு போனேன்.”

எனக்கும் தெரிந்த சொல்தான். தெலுங்கில் பேசும்போது ஃபேனை நானே அப்படித்தான் ‘கட்ட’ச் சொல்வேன். தமிழில் வாய் திறந்தால் அது முடிச்சுப் போடுவதாக மட்டுமே எனக்கு நினைவிருந்தது. அவருக்கு இரண்டும் ஒரே வாயில் இருந்தன.

சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம். மறுபடி டக். பிறகு அதுவும் இல்லை.

“தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?”

“இந்த மணல்லயா? நீங்களும் நானுமா?” டயரைக் காலால் தட்டினார். “டிராக்டர் வேணும். நான் போய்ப் பாக்கறேன். நீங்க நெழல்ல குந்துங்க.” நான்கு அடி நடந்து திரும்பினார். “இன்னாம்மா, அந்த மிஷினு ஒரு லோட்டா காபிக்கு என் பேட்டரிய துன்னுட்டுதே.”

அவர் போனபிறகு பேட்டரி முனையில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் பத்து புள்ளி நான்கு. காபியை வாயில் வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, கசந்துபோயிருந்தது. பாலை ஊற்றிக் குடித்தேன். பிறகு நிழலில் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். நடந்து போகலாம்: பதினான்கு கிலோமீட்டர், பிறகு ஏற்றம், நாலரைக்கு முன் முடியாது. சாலையில் வேறு வண்டி கிடைக்கலாம்: நாங்கள் வந்த இரண்டு மணி நேரத்தில் அந்த வழியில் ஒரு மாட்டு வண்டியைக்கூடப் பார்க்கவில்லை. எதிர்முனைக்காரருக்குச் சொல்லலாம்: எப்படி? நான்காவதாக எழுத ஒன்றும் இல்லை. டிராக்டர் என்று எழுதினேன்.

இரண்டு மணி ஆனது. இரண்டரை. டிராக்டர் வரவில்லை. கரும்பு வெட்டும் காலம். வண்டிகளெல்லாம் ஆலைக்குப் போயிருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுபடி மலையேறினேன். ஏன் ஏறினேன் என்று கேட்டால் வேலை சம்பந்தமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அவர் வந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது.

மூன்று மணிக்கு வெளிச்சம் தெரிந்தது.

முதலில் இடதுபுறம், இரண்டாவது மலைப் பக்கமாகத்தான் அடித்திருப்பார். பதில் வராததால் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தேடுகிறார். அப்படித் திருப்பும்போது என் கண்ணில் பட்டது. ஊசி முனை மாதிரி, வெள்ளையாக. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு நகர்ந்து போயிற்று. சில நிமிஷம் கழித்து மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று.

பையில் கண்ணாடி இருந்தது. அவர் நிற்பது புது இடம். இந்த இரண்டு மலைகளும் அங்கிருந்து பார்த்தால், அந்த மதியப் புழுதியில், ஒரே மலையின் இரண்டு மேடுகளாகத் தெரியும். நான் இங்கிருந்து மூன்று முறை அடித்தால், அவர் இரண்டாவது மலை என்றே எடுத்துக்கொள்வார். ‘தடையில்லை’ என்று எழுதுவார். நானும் எழுதுவேன். நாள் வீணாகாது. பிளானிங் டெஸ்க் இல்லை. ஜீப் பேட்டரி பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

கண்ணாடியை வெளியே எடுத்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். வெயில் அதில் பட்டு எதிர்ப் பாறையில் ஒரு சதுரம் விழுந்தது. கொஞ்சம் தூக்கினால் போதும், அந்தச் சதுரம் பாறையை விட்டுக் கிளம்பிச் சித்தூர்ப் பக்கம் போய்விடும். இரண்டாவது மலைக்கும் அவருக்கும் நடுவே ஏதாவது முகடு குறுக்கே இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். டவர் கட்டுவார்கள். கம்பிகளையும் சிமென்டையும் தலைச்சுமையாக ஏற்றுவார்கள். பிறகு ஒருநாள் அது பேசாது. அந்தத் தாளில் என் கையெழுத்து இருக்கும்.

இதையெல்லாம் நினைத்தேன். ஆனால் அந்த நேரத்தில் கையை உண்மையில் இழுத்தது வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மனிதர் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்று, ‘இருக்கிறாயா’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். நான் இருந்தேன். அவ்வளவு நேராக என்னை யாரும் அந்தப் பத்து மாதத்தில் கேட்டதில்லை.

கண்ணாடியைக் கவிழ்த்துப் பாறைமேல் வைத்தேன். மேலே தொப்பியை வைத்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு எண்ணினேன். நாலரை மணிவரை அவர் பதினேழு தடவை கேட்டார். பிறகு கேட்கவில்லை.

டிராக்டர் ஐந்து மணிக்கு வந்தது. கரும்பு இறக்கிவிட்டு வந்த வண்டி. சங்கிலி போட்டு இழுத்ததும் ஜீப் இருமிக்கொண்டு கிளம்பியது. சித்தூர் சாலைக்கு ஏறியபிறகுதான் டிரைவர் பேசினார்.

“இன்னா எழுதப் போறீங்க?”

ஒவ்வொரு நாளும் ஒரு தாள் கொடுக்க வேண்டும். வேலை முடியாவிட்டால் ‘காரணம்’ என்று ஒரு கட்டம்.

“நடந்ததை.”

“பெல்ட்டு அறுந்துச்சுன்னு எழுது மேடம். யாரு வந்து பாக்கப் போறா?”

“அப்ப உங்க வண்டி சரியில்லைன்னு ஆகும். வேற வண்டி வெச்சுப்பா.”

அவர் கொஞ்ச தூரம் ஓட்டினார். “நான்தான கட்டினேன்.”

“நான்தானே போட்டேன்.”

“சரேலே” என்றார். பிறகு, “காபின்னா எழுதப் போற? சிரிப்பானுங்கம்மா.”

அந்தக் கட்டத்தில் எழுதினேன்: பேட்டரி இறங்கியது. காரணம், நான் மாட்டிய காபி மேக்கர். வண்டியில் குறையில்லை. மேனேஜர் இரண்டு முறை படித்தார். சிரிக்கவில்லை. “ஏம்மா, வேற ஏதாவது எழுதியிருக்கலாமே. இப்ப நான் என்ன பண்றது?” என்றார். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து பிளானிங் டெஸ்க். ஜீப் ஒப்பந்தம் தொடர்ந்தது.

அடுத்த வாரம் என் இடத்தில் வேறு ஒருவர் போய் இரண்டாவது மலையைப் பார்த்தார். தாள் என் மேஜைக்குத்தான் வந்தது. தடையில்லை. நான் அன்று பதில் காட்டியிருந்தாலும் அந்தத் தாளில் ஓர் எழுத்துக்கூட மாறியிருக்காது. வரைபடத்தில் இரண்டு புள்ளிகளைப் பென்சிலால் இணைத்தேன்.

ஐந்தரைக்கு வேலை முடிந்தது. ஆறு மணிக்கு வீட்டில் இருந்தேன். வாசல் விளக்கு, கூடத்து விளக்கு, சமையலறை விளக்கு என்று மூன்றையும் போட்டுவைக்கப் பழகினேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, வெயிலில் கறுத்த ஒல்லியான ஒருவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. இங்கே ராஜினாமா கொடுக்க வந்திருந்தார்.

“நீங்கதானா அந்தப் பக்கம்?” என்றார்.

எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. “ஆமாம்.”

“அன்னிக்கு ஒன்றரை மணி நேரம் காட்டினேங்க. ரெண்டு நாள் கை தூக்க முடியல.”

“தெரியும். பார்த்தேன்.”

“பார்த்தீங்களா?” அவர் முகம் மாறியது. “பார்த்துட்டும் பதில் தரலையா?”

“நான் நின்னது வேற மலை. பதில் காட்டினா தப்பா ஆயிருக்கும்.”

அவர் அதை யோசித்தார். ஒரு எஞ்சினியர் யோசிப்பது போலவே, வரைபடத்தை மனத்தில் விரித்து, இரண்டு கோடு போட்டு. தலையாட்டினார். “கரெக்ட்தாங்க” என்றார். பிறகு, “ஆனா நான் சாப்பிடாம நின்னேன். முடிஞ்சதும் இறங்கிச் சாப்பிடலாம்னு. நீங்க லேட்டுன்னு நெனச்சேன். விட்டுட்டுப் போனா, நீங்க வந்து ஏறி நின்னு, நான் இல்லாம ஏமாந்து போவீங்களேன்னு.”

கீழே கேன்டீன் இருக்கிறது, வாருங்கள் என்றேன்.

மணியைப் பார்த்தார். பெங்களூர் பஸ் நான்கு மணிக்கு. மூன்றே முக்கால் ஆகியிருந்தது.